சாலையில் யாருக்கு முதல் வழி? ஆம்புலன்ஸ் முதல் கார் வரை ஓர் ஒப்பீடு

நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடும் தனித் தடம், பக்கத்தில் நெரிசலில் நிற்கும் கார்க்காரரின் கண்ணுக்குக் காலியாகத்தான் தெரியும். 20 கி.மீ. வேகத்தில் போகும் இரண்டு பஸ்களுக்கு நடுவே ஒரு நிமிட இடைவெளி என்றால் தரையில் அது 333 மீட்டர். பார்வைக்குள் ஒரு பஸ் இருந்தாலே அதிகம். ஆனால் பஸ்ஸுக்கு 50 பேர் என்று கொண்டால், அந்தக் 'காலி'த் தடத்தில் மணிக்கு 3,000 பேர் போகிறார்கள். கார்த் தடத்தின் கணக்கு வேறு. பச்சை விளக்கு தொடர்ந்து எரிந்தால் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 1,800 கார் கடக்கலாம். சிக்னலில் நமக்குக் கிடைக்கும் பச்சை 45 சதவீதம் என்றால் 810 கார். காருக்குச் சராசரி 1.4 பேர். ஆக, பம்பரோடு பம்பர் ஒட்டி நிற்கும் தடத்தில் போவது 1,130 பேர்.

முன்னுரிமை பற்றிய வாக்குவாதங்களில் பாதி இந்தக் கண்கட்டிலிருந்து பிறக்கிறது. மீதிப் பாதி, 'முன்னுரிமை' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு பொருள்களைத் திணிப்பதால் வருகிறது. சாலையில் கொடுப்பதற்கு இருப்பவை இவை: இடம், அதாவது தனித் தடம், நேரம், அதாவது சிக்னலில் பச்சை, வழிவிடல், அதாவது இருவர் சந்திக்கும்போது யார் நிற்பது என்ற விதி, ஓரம், அதாவது நிறுத்தி ஏற்றி இறக்கும் உரிமை. ஒவ்வொரு வாகனத்துக்கும் பசி வேறு. லாரிக்குத் தனித் தடம் கொடுப்பதும் சைக்கிளுக்கு வெறும் வழிவிடல் விதி எழுதுவதும் பசித்தவனுக்குக் குடை கொடுக்கிற கதை. அதனால் இங்கே வாகனங்களைத் தரவரிசைப்படுத்தவில்லை. எந்த வாகனத்துக்கு எது கொடுத்தால் பலன், அதை யாரிடமிருந்து எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு.

ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும்

இதில் தகராறே இல்லை. 1968இன் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையிலிருந்து உள்ளூர் விதிகள் வரை எல்லாமே சைரன் ஒலித்து விளக்குச் சுழலும் வண்டிக்கு வழிவிடச் சொல்கின்றன. இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. கொள்கை அளவில் எல்லோருக்கும் சம்மதம், தரையில்தான் கோளாறு.

முதல் கோளாறு வழிவிடும் முறையில். சைரன் கேட்ட பிறகு ஒதுங்கலாம் என்று காத்திருந்தால் ஒதுங்க இடம் இருக்காது. முன்னாலும் பின்னாலும் வண்டி ஒட்டி நிற்கும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் உள்ள விதி இதை நேராகத் தொடுகிறது: போக்குவரத்து மெதுவாகி நிற்கத் தொடங்கும்போதே, சைரன் கேட்காவிட்டாலும், வழி பிரித்து வைக்க வேண்டும். நடுத்தடுப்பை ஒட்டிய தடத்தில் இருப்பவர் தடுப்புப் பக்கம் ஒதுங்குகிறார், மற்ற தடங்களில் இருப்பவர் எல்லோரும் எதிர்ப் பக்கம். 3.5 மீட்டர் தடங்கள் இரண்டு சேர்ந்து 7 மீட்டர். கண்ணாடியோடு சேர்த்துக் காருக்கு 2 மீட்டர் என்று இரண்டு கார்களைக் கழித்தால் நடுவில் 3 மீட்டர் மிச்சம், 2.5 மீட்டர் அகலத் தீயணைப்பு வண்டி போய்விடும். தடம் 3 மீட்டராகக் குறுகினால் மிச்சம் 2 மீட்டர்தான். அப்போது எவ்வளவு ஒழுக்கமாக ஒதுங்கினாலும் பயனில்லை. குறுகிய தடமுள்ள நகரச் சாலையில் பஸ் தடத்தை ஆம்புலன்ஸுக்கும் திறந்துவிடுவதே வழி. பஸ் தடத்தை மேடான கல்வரம்பு கட்டி முழுதாக அடைக்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது சிக்னல். ஆம்புலன்ஸ் வருவதை அறிந்து பச்சையாக மாறும் கருவி பொருத்துகிறார்கள். ஆனால் உணரும் தூரத்தை 100 மீட்டரில் வைத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். குறுக்கே 14 மீட்டர் சாலையைக் கடக்கத் தொடங்கிவிட்ட பாதசாரிக்கு, விநாடிக்கு 1.2 மீட்டர் வீதம், சுமார் 12 விநாடி வேண்டும். அதை வெட்டக் கூடாது. மஞ்சளுக்கு 3, எல்லாப் பக்கமும் சிவப்புக்கு 2. மொத்தம் 17 விநாடி. அதற்குப் பிறகும் ஆம்புலன்ஸுக்கு முன்னால் நிற்கும் பத்து வண்டிகள் நகர, வண்டிக்கு 2 விநாடி வீதம், இன்னொரு 20 விநாடி. 60 கி.மீ. வேகத்தில் 37 விநாடி என்பது 600 மீட்டருக்கும் அதிகம். 100 மீட்டரில் தகவல் கொடுத்தால் ஆம்புலன்ஸ் வரிசையின் வாலில் வந்து நின்ற பிறகுதான் பச்சை விழும்.

பொதுவாக மறக்கப்படும் இன்னொன்று: முதல் வண்டி போனதும் வழியை மூடிவிடுவது. பெரிய விபத்துக்கு ஒரே ஒரு வண்டி வருவதில்லை.

டிராம்

டிராமுக்கு வழிவிடுவதைக் கொள்கை என்று சொல்வதைவிட இயற்பியல் என்று சொல்லலாம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஓடுகிறது, பிடிப்பு குறைவு. விலகவும் முடியாது. அதனால் டிராம் உள்ள ஊர்களில் அதற்கு முதல் வழி என்பது பாதுகாப்பு விதியாகவே வந்துவிடுகிறது. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரம் இதை ஒரு படி மேலே கொண்டுபோனது. 1973இல் சுரங்க ரயில் திட்டத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தவர்கள், 1977இல் டிராமையும் பஸ்ஸையும் வேகப்படுத்தும் திட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். பூமிக்கடியில் தோண்டுவதற்குப் பதிலாகச் சிக்னல்களை டிராமின் வருகைக்கு ஏற்ப மாற்றினார்கள்.

பஸ்: எண்ணிக்கை பேசும் இடம்

பஸ்ஸின் பக்கம் நிற்கும் வாதம் தலைக்கணக்கு. அதற்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. ஒரு தடத்தில் காரில் போகும் 1,130 பேரை, பஸ்ஸுக்கு 40 பேர் வீதம் வகுத்தால் 28. மணிக்கு 28 பஸ், அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒன்று ஓடினால், அந்தத் தடத்தைப் பஸ்ஸுக்குக் கொடுப்பதால் நகரும் ஆட்களின் எண்ணிக்கை குறையாது. அதற்கு மேல் ஒவ்வொரு பஸ்ஸும் லாபம். மணிக்கு ஆறே பஸ் ஓடும் சாலையில் முழு நீளத்துக்குத் தடம் பிரிப்பது வீம்பு. அப்படிப்பட்ட தடத்தில்தான் பத்து நாளில் வண்டி நிறுத்தத் தொடங்குவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் பஸ் குறைவான சாலைக்கு வேறு மருந்து இருக்கிறது. அதுதான் எங்கள் பார்வையில் செலவுக்கு மிகுந்த பலன் தருவது: தடம் பிரிப்பதற்கு முன் சிக்னலைச் சரிசெய்வது.

சிக்னலில் பச்சையும் சிவப்பும் சேர்ந்த ஒரு முழுச் சுற்று 90 விநாடி, அதில் பஸ் வரும் திசைக்குப் பச்சை 40, சிவப்பு 50 என்று வைத்துக்கொள்வோம். எந்த நேரத்திலும் வந்து சேரக்கூடிய பஸ்ஸுக்குச் சராசரித் தாமதம் கிட்டத்தட்ட 14 விநாடி. இப்போது இரண்டு உத்திகள். ஒன்று, பஸ் நெருங்கினால் பச்சையை 10 விநாடி நீட்டுவது. இதனால் பலன் பெறுவது ஒன்பதில் ஒரு பஸ்தான். ஆனால் அந்த ஒன்று 45 விநாடி மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது, சிவப்பில் நிற்கும் பஸ்ஸுக்குப் பச்சையை 10 விநாடி முன்னதாகத் தருவது. இதில் பாதிக்கு மேற்பட்ட பஸ்களுக்குப் பலன், ஆனால் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10 விநாடி. இரண்டையும் சேர்த்து வைத்தால் சராசரித் தாமதம் 14 விநாடியிலிருந்து 5க்கு இறங்குகிறது. 20 சிக்னல் உள்ள வழித்தடத்தில் அது ஒரு நடைக்கு 3 நிமிடம். குறுக்குச் சாலைக்காரர் இழப்பது, பஸ் வரும் சுற்றில் மட்டும், சில விநாடிகள்.

இது கெட்டுப்போகும் இடம் நிறுத்தம். பஸ் நிறுத்தம் சிக்னலுக்கு முன்னால் இருந்தால், பஸ் வந்துவிட்டது என்று சென்சார் சொன்ன பிறகும் ஆள் ஏறி முடிக்க 15 விநாடியா 40 விநாடியா என்று யாருக்கும் தெரியாது. நீட்டிய பச்சை வீணாகி, குறுக்குச் சாலையும் காத்து, பஸ்ஸும் சிவப்பில் மாட்டுகிறது. நிறுத்தத்தைச் சந்திப்பைத் தாண்டி அந்தப் பக்கம் மாற்றினால் இந்தச் சிக்கல் போய்விடும். இடம் நகர்த்த முடியாவிட்டால், கதவு மூடியதை அடையாளமாக வைத்துக் கோரிக்கை அனுப்பும் ஏற்பாடாவது வேண்டும். அந்தப் பக்கம் மாற்றும்போது, ஒரே நேரத்தில் இரண்டு பஸ் நிற்கும் நீளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இல்லையென்றால் இரண்டாவது பஸ்ஸின் வால் சந்திப்பின் நடுவில் நிற்கும்.

தடமே போடுவதென்று முடிவானால், அதை நிறுத்தக் கோடு வரை இழுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. பஸ் அடிக்கடி வராத இடத்தில் இழுக்கக் கூடாது. நிறுத்தக் கோட்டில் இரண்டு தடமும் பச்சையைப் பயன்படுத்தினால்தான் சந்திப்பின் கொள்ளளவு குறையாது. பச்சையில் இரண்டு விநாடிக்கு ஒரு வண்டி போகிறது, வரிசையில் ஒரு வண்டிக்கு 6 மீட்டர் இடம். அதாவது பச்சையின் ஒவ்வொரு விநாடிக்கும் 3 மீட்டர். 40 விநாடிப் பச்சைக்கு 120 மீட்டர் முன்னதாகவே பஸ் தடத்தை முடித்து எல்லோருக்கும் திறந்துவிட்டால், அந்தத் தூரத்தில் நிற்கும் வரிசை ஒரே பச்சையில் கரைந்துவிடும். பஸ்ஸும் அதே சுற்றில் போய்விடும். கார்க்காரர் இழந்தது வரிசையில் நிற்கும் இடத்தை மட்டுமே.

ஓரத் தடமா நடுத் தடமா என்பதில் எளிய பதில் கிடையாது. ஓரத் தடத்தை நிறுத்தும் வண்டிகளும் திரும்பும் வண்டிகளும் அரிக்கின்றன. நடுத் தடத்தில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஒவ்வொரு பயணியும் சாலையைக் கடந்துதான் பஸ் ஏற வேண்டும், நடுமேடைக்கு ஏற்ற பக்கத்தில் கதவு வேண்டும். பிரேசிலின் குரிட்டிபா 1974இலும் கொலம்பியாவின் பொகோட்டா 2000இலும் நடுத் தடத்தை எடுத்தபோது மேடை, டிக்கெட் முறை, பஸ் எல்லாவற்றையும் சேர்த்தே காலப்போக்கில் மாற்றின. பொகோட்டாவில் நிலையத்தில் ஒரு பஸ் இன்னொன்றைத் தாண்டிப் போக இரண்டாம் தடமும் வைத்தார்கள். டெல்லி 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கி.மீ. நடுத் தடம் திறந்தது. நிறுத்தங்கள் சிக்னலுக்கு முன்னால் இருந்தன, சிக்னல் சுற்று மிக நீளம், தடத்துக்குள் எந்தப் பஸ்ஸும் வரலாம். கார்த் தடத்தில் வரிசை நீண்டது, எதிர்ப்பு நீதிமன்றம் வரை போனது, 2016இல் இடிக்கத் தொடங்கினார்கள். தடம் தவறு என்று பேசி முடித்தார்கள். தவறு பெரும்பாலும் சந்திப்பில் இருந்தது.

தடத்துக்கும் சிக்னலுக்கும் முன்பே ஒரு அளவு எடுக்க வேண்டும். உச்ச நேரத்தில் பத்து நடைகளில் ஏறி, ஓடிய நேரம், நிறுத்தத்தில் நின்ற நேரம், மற்ற இடங்களில் நின்ற நேரம் என்று மூன்றாகக் குறித்தால் போதும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு நிறுத்தத்திலேயே போகிறது என்றால் அங்கே தேவை முன்னுரிமை இல்லை. இன்னொரு கதவும், ஏறும் முன்பே டிக்கெட்டும்தான் தேவை.

ஒரு சின்னக் குறிப்பு: பஸ் ஒரே கோட்டில் ஓடி ஒரே இடத்தில் நிற்பதால் அங்கே தார் பள்ளமாகும். அச்சுச் சுமைக்கும் (சக்கரங்களை இணைக்கும் ஓர் அச்சின் மேல் இறங்கும் எடை) சாலைச் சேதத்துக்கும் உள்ள உறவு ஏறத்தாழ நான்காம் அடுக்கு என்று 1958–60இல் அமெரிக்காவின் இலினாயில் நடந்த சோதனை காட்டியது. 10 டன் அச்சு, 1 டன் அச்சைவிடப் பத்தாயிரம் மடங்கு. நிறுத்தங்களில் கான்கிரீட் போடாமல் தடம் திறப்பது வீண்செலவு.

சைக்கிளும் பைக்கும்

சைக்கிளுக்கு வேண்டியது இடம். வெள்ளைக் கோடு போட்ட தடத்தைச் சைக்கிள் தடம் என்று கணக்கில் எழுதுவதை நிறுத்தினாலே பாதி நேர்மை வந்துவிடும். ஒருவர் போக 1.5 மீட்டர் குறைந்தபட்சம், ஒருவரை ஒருவர் தாண்ட 2 மீட்டருக்கு மேல். நிறுத்திய கார்களை ஒட்டிப் போட்டால், திறக்கும் கதவுக்கு இன்னொரு மீட்டர் விட வேண்டும். நன்றாகக் கட்டிய இருவழிச் சைக்கிள் தடம், அதே அகலக் கார்த் தடத்தைவிடப் பல மடங்கு ஆட்களை நகர்த்தும்.

சைக்கிள்காரர் பெரும்பாலும் அடிபடுவது நேர்ச்சாலையில் இல்லை, சந்திப்பில். ஓரத்தில் நேராகப் போகிறவரை, ஓரப்பக்கம் திரும்பும் வண்டி குறுக்கே வெட்டுகிறது. நீளமான லாரியில் இது இன்னும் மோசம், பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட உள்வாங்கித் திரும்பும். இதற்கு மூன்று கைவைத்தியம்: கார்களுக்கு முன் 4–5 மீட்டர் நீளத்தில் சைக்கிள் காத்திருக்கும் கட்டம், சைக்கிளுக்கு மட்டும் 3 முதல் 7 விநாடி முன்னதாகப் பச்சை, திரும்பும் முனையின் வளைவு ஆரத்தைக் குறைத்து வண்டியை மெதுவாக்குவது. மூன்றாவதுதான் நிலைத்து நிற்பது, ஏனென்றால் அதற்கு யாருடைய ஒழுக்கமும் தேவையில்லை.

தடம் பிரிக்க இடமே இல்லாத தெருவில் வேகத்தைப் பிடிக்கலாம். ஒரு விநாடி சுதாரிப்பு நேரமும் நல்ல பிரேக்கும் வைத்தால், 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50இல் வரும் கார் அந்த 13 மீட்டரில் இன்னும் பிரேக்கே பிடித்திருக்காது.

பஸ் தடத்தில் சைக்கிளை விடலாமா? 3 மீட்டர் தடத்தில் பஸ் பின்னாலேயே வரும், பயணிகள் முணுமுணுப்பார்கள், ஆபத்து குறைவு. 4.5 மீட்டரில் தாண்டிப் போகும். 3.5 மீட்டர்தான் பொல்லாதது: தாண்டிவிடலாம் என்று ஓட்டுநருக்குத் தோன்றும், இடம் இருக்காது.

மோட்டார் பைக்குக்கு நாங்கள் தரும் பதில் எண்ணிக்கையைப் பொறுத்தது. லண்டனின் முக்கியச் சாலைகளில் பெரும்பாலான பஸ் தடங்களில் 2012 முதல் பைக்குக்கு நிரந்தர அனுமதி உண்டு. அங்கே பைக் மொத்தப் போக்குவரத்தில் சிறு பங்கு. பைக்கே பெரும்பான்மையாக இருக்கும் நகரத்தில் அதே அனுமதி கொடுத்தால் ஒரு வாரத்தில் பஸ் தடம் பைக் தடமாகிவிடும். அப்படிப்பட்ட இடத்துக்குத் தைவான் முறைதான் பொருத்தம்: நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் பைக்குக்குக் காத்திருப்புக் கட்டம், எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டும் பெரிய திருப்பத்தை ஒரே மூச்சில் எடுக்காமல், முதலில் நேராகக் கடந்து நின்று அடுத்த பச்சையில் திரும்பும் விதி. பச்சை விழுந்ததும் பைக் கூட்டம் முதலில் விலகிவிடுவதால் பின்னால் நிற்கும் கார்களுக்கும் அது லாபம்.

லாரி

லாரிக்குப் பகலில் ஓட வழி வேண்டும் என்பதைவிட நிற்க ஓரம் வேண்டும் என்பதே அவசரம். ஓரம் கிடைக்காத சரக்கு வண்டி இரண்டாம் வரிசையில் நின்று ஒரு முழுத் தடத்தை விழுங்குகிறது. 15 நிமிடம் நின்றால் அந்தத் தடத்தின் 200 கார்கள் பக்கத்துத் தடத்தில் நுழைய வேண்டியிருக்கும். ஆகவே கடைத்தெருவில் ஓரத்தைக் காலையில் சரக்குக்கு, பிறகு மற்றவர்க்கு என்று மணி பிரித்துக் கொடுப்பது சரி. நீளமான, சிக்னல் குறைந்த புறவழிச் சாலையில் மட்டும் லாரிக்குப் பச்சை நீட்டிப்புக்கு அர்த்தம் உண்டு: 40 டன் லாரியை 50 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தி மறுபடி அதே வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய கால் லிட்டர் டீசல் போகிறது.

பங்கு கேட்டு வருகிறவர்கள்

நல்ல தடம் ஒன்று உருவானதும் நியாயமான காரணங்களோடு பலர் வருவார்கள். மின்சாரக் கார், டாக்சி, நாலு பேர் சேர்ந்து போகும் கார். நார்வே 2005இல் மின்சாரக் காரைப் பஸ் தடத்தில் விட்டது. விற்பனையைத் தூண்டும் சலுகையாக அது வேலை செய்தது. வேலை செய்ததுதான் சிக்கல். ஆஸ்லோவுக்குள் நுழையும் சாலையில் மின்சாரக் கார் பெருகிப் பஸ் தாமதமானது. 2015 வாக்கில் உச்ச நேரத்தில் இன்னொரு பயணியும் இருந்தால்தான் அனுமதி என்று கட்டுப்படுத்த வேண்டிவந்தது. எஞ்சின் எதில் ஓடுகிறது என்பதற்கும் சாலையில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை. அதற்கான சலுகையை வரியில் கொடுக்கலாம், தடத்தில் கொடுக்கக் கூடாது.

சேர்ந்து போகும் காருக்குத் தனி உரிமை தருவதில் எண்ணிச் சரிபார்ப்பதுதான் வில்லங்கம். ஜகார்த்தாவில் காருக்கு மூன்று பேர் என்ற விதி இருந்தபோது, எண்ணிக்கையை நிரப்பவே கூலிக்கு ஏறி உட்காரும் ஆட்கள் சாலையோரம் நின்றார்கள். ஆனால் 2016இல் விதியை எடுத்ததும் நெரிசல் கூடியது, அந்த விதி இல்லாத சாலைகளிலும்கூட. ஓட்டை இருந்தும் ஏதோ தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. விலை வைப்பது இன்னொரு வழி: சிங்கப்பூர் 1975 முதல், லண்டன் 2003 முதல், ஸ்டாக்ஹோம் 2006 சோதனைக்குப் பின் 2007 முதல் நிரந்தரமாக. அது யார் முதலில் என்று கேட்பதில்லை, எல்லோரையும் கொஞ்சம் குறைக்கிறது. பஸ் வேகம் கூடுவது கூடுதல் லாபம்.

தனிக் காருக்கு முன்னுரிமை தர வேண்டிய ஒரு இடமும் உண்டு. நடக்க முடியாதவரின் கார், வாசலுக்கு மிக அருகில் நிற்க வேண்டும். அது ஓரத்தின் முன்னுரிமை, தடத்தின் முன்னுரிமை அல்ல.

ஆக, ஒரு சாலைக்கு முடிவெடுக்கும்போது வரிசை இப்படிப் போகலாம். முதலில் உச்ச நேரத்தில் 15 நிமிடத் துண்டுகளாக, வாகனத்தை அல்ல, தலைகளை எண்ணுவது. தடம் இரண்டு மட்டுமே, பஸ் மணிக்கு 28க்குக் கீழே என்றால் சிக்னல் முன்னுரிமையும், வரிசையைத் தாண்ட சந்திப்புக்கு முன் ஒரு சிறு தடமும். 28க்கு மேல் என்றால் தனித் தடம். பஸ்ஸே இல்லாத குடியிருப்புத் தெரு என்றால் 30 கி.மீ. வேகமும் சைக்கிளும். பெயின்ட் கடைசி வேலை.

பெயின்ட் அடித்த பிறகும் தடம் காலியாக நிற்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடும் தடத்தில் ஒரே ஒரு கார் 'ரெண்டே நிமிஷம், வந்துடுறேன்' என்று பத்து நிமிடம் நின்றால், பத்து பஸ் பக்கத்து வரிசைக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி, ஒவ்வொன்றிலும் 50 பேர். மொத்தம் 250 நிமிடம், நாலு மணி நேரத்துக்கு மேல். தானியங்கிக் கேமராவுக்கும் இழுத்துச் செல்லும் வண்டிக்கும் திட்டச் செலவில் முதலிலேயே இடம் ஒதுக்காதவர்கள் தடத்தைத் திறக்காமலே இருக்கலாம்.